வன்னி மில் வேலைக்கு வருகிறீர்களா? முதலில் அடிப்படைச் சம்பளத்தை (பேசிக்) பேசுங்கள்

நம் ஊரிலிருந்து அரிசி ஆலை மெஷின் வேலைக்காக இலங்கையின் வன்னிக்கு வருகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் கோவைக்காரன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு மில்லில், அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டரும் மெருகேற்றும் பாலிஷரும் என் பொறுப்பு.

விசா வேலையை முதலாளியின் ஆட்கள் பார்ப்பார்கள். வதிவிட விசாவுக்கு பத்தரமுல்லை குடிவரவு அலுவலகம். கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயில், இல்லாவிட்டால் ஏ9 பஸ். இதிலெல்லாம் பெரிய சிரமம் கிடையாது.

சம்பளத்துக்கு வருகிறேன். ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் வரும். 'லட்சம்' என்றதும் தலையாட்டாதீர்கள். ஊரில் பி.எஃப். நமக்கு 12 சதவீதம், கம்பெனிக்கு 12. இங்கே ஈ.பி.எஃப். நமக்கு 8, முதலாளிக்கு 12. அது போக ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று முதலாளி மட்டும் 3 கட்ட வேண்டும். இந்தச் சதவீதமெல்லாம் எந்தத் தொகைக்கு என்பதை நான் கேட்கவில்லை. அங்கேதான் ஏமாந்தேன்.

சித்திரையில் மாதம் 1,00,000 என்று பேசிச் சேர்ந்தேன். ஆறாவது மாதம் பாய்லரும் என் தலையில் விழுந்தது. 15,000 கூட்டிக் கேட்டேன். "தம்பி, நீங்கள் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. பாப்பம்" என்றார் முதலாளி. இந்த மனிதர்களிடம் 'பாப்பம்' என்றால் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். எனக்கு அது வாக்குறுதியாகக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி கையால் ஒடியல் கூழ் குடித்துவிட்டு மறுநாள் சம்பளம் பேச எனக்கு வாய் வரவில்லை. தை மாதம் ஒருவழியாக 15,000 கூடியது. அன்றிரவே ஊருக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

அப்புறம் காலபோகம், அதாவது மழைக்கால நெல் அறுவடை. மாசியில் நெல் வந்து குவியும், மில் இரவும் பகலும் ஓடும். தூக்கம் கெட்டு உழைத்த மாதத்தில் ஓவர்டைம் பணம் பாதிகூட வரவில்லை. காசாளர் அக்காவிடம் போனேன். சம்பளச் சீட்டை மேசையில் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்: அடிப்படைச் சம்பளம் 45,000. மீதியெல்லாம் போக்குவரத்துப் படி, இன்சென்டிவ். புதிதாகக் கூட்டிய 15,000-மும் இன்சென்டிவில்தான் போயிருந்தது. ஓவர்டைம், ஈ.பி.எஃப். இரண்டையும் அந்த 45,000-ஐ வைத்தே போட்டிருந்தார்கள். ஈ.பி.எஃப். முதலாளி பங்கு மாதம் 12,000 வரும் என்றிருந்தேன், கட்டியது 5,400. பதினொரு மாதத்தில் 72,600 ரூபாய் போய்விட்டது. நான் கையெழுத்துப் போட்ட கடிதத்திலேயே அது இருந்தது என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

ஊரில் வேறு கம்பெனி ஆஃபரைக் காட்டிப் பேசுவோம். இங்கே விசா அந்த முதலாளியை நம்பி வாங்கியது. வேறு இடம் என்றால் மறுபடி முதலிலிருந்து. அதனால் விசாவுக்குக் காகிதங்களைக் கொடுக்கும் முன்பே பேசுங்கள். மொத்தம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், பேசிக் எவ்வளவு என்று கேளுங்கள். நியமனக் கடிதத்தில் அந்த எண்ணைப் பார்த்த பிறகு பாஸ்போர்ட் பிரதியை அனுப்புங்கள். வந்துவிட்டீர்கள் என்றால் மார்கழியில் கேளுங்கள். அறுவடைக்கு முன் மெக்கானிக்கை இழக்க எந்த மில்காரரும் விரும்பமாட்டார்.

போன மார்கழியில், காசாளர் அக்கா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டேன். மொத்தத்தில் ஒரு ரூபாய்கூட கூட்டவில்லை. பேசிக்கை 80,000 ஆக்கி எழுதி வாங்கினேன். முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பாய்லர் அறைக்கு எனக்கும் சேர்த்து பிளேன்டீ அனுப்பியிருந்தார்.