சங்கங்களையும் அறநிறுவனங்களையும் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் உள்ள தமிழ்ச் சங்கங்கள், கோயில் நிர்வாகக் குழுக்கள், கல்வி நிதிகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து உழைக்கும் தொண்டூழியர்களால்தான் நடக்கின்றன. ஊதியம் வாங்காமல் உழைப்பவரிடம் ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. “அண்ணன் இருபது வருஷமாப் பார்க்கிறார், அவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா?” என்று செயலவைக் கூட்டத்தில் யாராவது சொல்லிவிட்டால் அதற்கு மேல் எவரும் வாய் திறப்பதில்லை. நிர்வாகத்தில் நேரும் தவறுகள் பலவற்றின் வேர் இந்த மௌனத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

நம்பிக்கையையே கட்டுப்பாடாக எண்ணிக்கொள்வது முதல் தவறு. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் தலைமை அர்ச்சகராக இருந்தவருக்கு 2023 மே மாதத்தில் ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2016க்கும் 2020க்கும் இடையில் அவர் கோயில் நகைகள் 66-ஐ மீண்டும் மீண்டும் அடகு வைத்து, 2 மில்லியன் வெள்ளிக்கும் அதிகமான தொகையைப் பெற்றிருந்தார். நகைகள் கடைசியில் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டன. ஆனாலும் அந்த வழக்கில் நிர்வாகிகள் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. அங்கே தணிக்கை நடக்காமல் இல்லை. பெட்டகத்தின் சாவியும் எண் குறியீடும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தன. தணிக்கை வரும்போது நகைகளை மீட்டு வைத்துவிட்டுப் பிறகு மீண்டும் அடகுக்குக் கொண்டுபோக அவரால் முடிந்தது. கொவிட் காலத்தில் தள்ளிப்போன தணிக்கை 2020-இல் நடந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. முன்கூட்டியே தெரிந்த நாளில் நடக்கும் சரிபார்ப்பு, அந்த ஒரு நாளில் பொருள் இருந்ததா என்பதை மட்டுமே காட்டும். சாவியை ஒருவரிடமும் குறியீட்டை இன்னொருவரிடமும் கொடுத்து, அறிவிப்பில்லாமல் ஆண்டுக்கு ஓரிரு முறை எண்ணிப் பார்த்திருந்தால், கோயிலும் தப்பியிருக்கும், அந்த அர்ச்சகரும் சபலத்திலிருந்து தப்பியிருப்பார்.

சிறிய சங்கங்களுக்குப் பெட்டகம் இருக்காது. ஆனால் உண்டியல் இருக்கும், நன்கொடை மேசை இருக்கும். உண்டியலைத் திறக்கும்போது ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவராவது உடனிருந்து, எண்ணிய தொகையை நோட்டு வாரியாகத் தாளில் எழுதி, இருவரும் அங்கேயே கையெழுத்திட வேண்டும்; பணம் அடுத்த வேலை நாளில் வங்கிக்குப் போய்விட வேண்டும். “சில்லறைச் செலவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைப் போட்டேன்” என்ற வழக்கம் நல்லெண்ணத்தில் தொடங்கினாலும், வரவு எது, செலவு எது என்று பிரித்தறிய முடியாத குழப்பத்தில் போய் முடிகிறது. இப்போது பரவலாகிவிட்ட இன்னொரு பழக்கம் இதைவிட ஆபத்தானது. நிகழ்ச்சிக்கான வாட்ஸ்அப் அறிவிப்பில், “நன்கொடையை இந்த எண்ணுக்குப் பேநவ் (உடனடி வங்கிப் பணமாற்று வசதி) செய்யவும்” என்று செயலவை உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கைப்பேசி எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அவர் பணத்தை ஒரு காசு குறையாமல் சங்கத்தில் செலுத்தினாலும், அவருடைய சம்பளமும் சங்கத்தின் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிடுவதால், நாளை கேள்வி எழும்போது தம் நேர்மையை நிறுவ அவரிடம் சான்று இருக்காது. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, அதன் பதிவு எண்ணுடன் பேநவ் வசதியை இணைப்பதற்குச் சில படிவங்கள் போதும்.

ஊதியம் பெறும் ஊழியர்களும் கணக்காளர்களும் உள்ள பெரிய அமைப்புகளுக்கு இந்த ஆபத்து இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் அன்றைய தலைமை நிர்வாகி, ஒரு நாளிதழ்க் கட்டுரைக்கு எதிராகத் தொடுத்த அவதூறு வழக்கு 2005 ஜூலையில் விசாரணைக்கு வந்து, இரண்டாம் நாளே மீட்டுக்கொள்ளப்பட்டது. அவருடைய ஆண்டு வருமானம் சுமார் 600,000 வெள்ளி என்பதும், அமைப்பின் கையிருப்பு மூன்றாண்டுகளுக்கே தாங்கும் என்று சொல்லப்பட்டுவந்த நிலையில், ரத்தச் சுத்திகரிப்புச் செலவை வைத்துக் கணக்கிட்டால் முப்பது ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதும் நீதிமன்றத்தில் வெளிவந்தன. அந்தக் கட்டுரை குறிப்பிட்ட, அவருடைய அலுவலகக் குளியலறையின் தங்கமுலாம் பூசிய குழாயைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசியது. எனக்கோ அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அவர் விமானத்தில் முதல் வகுப்பில் பயணம் செய்வதாகச் சொன்னவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டு, அவர்கள் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது என்பதே. எச்சரிக்கை வெளியிலிருந்து வந்தது; நிர்வாகம் அதை ஆராயாமல் அடக்கியது. கேள்வி கேட்ட உறுப்பினரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கும் செயலாளரும் தம் அளவில் அதையேதான் செய்கிறார்.

அந்த விவகாரத்துக்குப் பிறகு அறநிறுவனங்கள்மீதான கண்காணிப்பு வலுப்படுத்தப்பட்டு, 2007-இல் அவற்றுக்கான நிர்வாக நெறிமுறைத் தொகுப்பு வெளியானது. அதன்படி பொருளாளர் ஒருவர் தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியில் இருக்கலாகாது. நெறிமுறையைப் பின்பற்ற முடியாவிட்டால் காரணத்தை வெளிப்படையாக விளக்க வேண்டும். நம் அமைப்புகளில் இதை மீறுவோர் குறைவு, வளைப்போர் அதிகம். நான்காண்டு முடிந்ததும் பொருளாளர் துணைத் தலைவராகிறார், அவருடைய மைத்துனர் பொருளாளராகிறார், காசோலைப் புத்தகம் மட்டும் இருந்த வீட்டிலேயே இருக்கிறது. “வேறு யாரும் முன்வரவில்லை” என்பது பல நேரங்களில் உண்மைதான். ஆனால் துணைப் பொருளாளராக ஓர் இளையரை இரண்டாண்டுகள் உடன் வைத்துப் பழக்காத சங்கத்தில், மூன்றாம் ஆண்டில் ஒருவர் தாமாக எப்படி முன்வருவார்?

நலன் முரண்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செயலாளரின் உறவினர் நடத்தும் உணவகத்திலிருந்து விருந்து வருவதில் குற்றமில்லை. அது மலிவாகவும் சுவையாகவும்கூட இருக்கலாம். உறவைக் கூட்டத்தில் சொல்லிவிட்டு, முடிவெடுக்கும் நேரத்தில் செயலாளர் வெளியே போய்விட வேண்டும். குறைந்தது வேறு இரண்டு விலைப்புள்ளிகளாவது மேசையில் இருக்க வேண்டும். இவையனைத்தும் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும்.

அடுத்த தவறு, கூட்டத்தைப் பார்த்துப் பயனை அளப்பது. ஆண்டறிக்கையில் “500 பேர் கலந்துகொண்டனர்” என்று எழுதுகிறோம். கலந்துகொண்டதால் யாருக்கு என்ன மாறியது என்று எழுதுவதில்லை. சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991-இல் தொடங்கப்பட்டதற்கு முன், இந்திய மாணவர்கள் கல்வியில் எங்கே, ஏன் பின்தங்குகிறார்கள் என்பதை ஆராய ஒரு நடவடிக்கைக் குழு அமைக்கப்பட்டு, அதன் அறிக்கையின் மேல்தான் அந்த அமைப்பு எழுப்பப்பட்டது. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் சிறப்பு விருந்தினரின் தேதி, பிறகு மண்டபம், அப்புறம் பொன்னாடை, கடைசியாக நிகழ்ச்சியின் நோக்கம். நிதி திரட்டும் விருந்துகளிலும் இதே மயக்கம்தான். திரட்டும் தொகையில் திரட்டுவதற்கான செலவு 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது, நன்கொடைக்கு வரிக் கழிவு வழங்கத் தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்குரிய விதி. ஹோட்டல் விருந்துக்கு மேசை பதிவு செய்யும் முன்பே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விருந்து முடிந்த பிறகு போட்டுப் பயனில்லை.

நோக்கம் நிறைவேறிய பிறகும், அல்லது காலம் மாறிய பிறகும், பழைய திட்டத்தை அப்படியே தொடர்வது அரசாங்கங்களையும் விட்டுவைக்காத தவறு. 1972-இல் சிங்கப்பூர் அரசாங்கம் தொடங்கிய “இரண்டோடு நிறுத்துங்கள்” என்ற குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தின் இலக்கு 1970களின் நடுப்பகுதியிலேயே எட்டப்பட்டு, பிறப்பு விகிதம், மக்கள்தொகை குறையாமல் ஈடுசெய்யும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் கொள்கை 1987-இல்தான் “இயன்றால் மூன்று அல்லது அதற்கு மேல்” என்று திரும்பியது. 2023-இல் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, 0.97. படிப்பு, வேலை, வீட்டுச் செலவு என்று இதற்குக் காரணங்கள் பல என்றாலும், ஒரு கொள்கையை எப்போது மறுபரிசீலனை செய்வது என்பதைத் தொடங்கும்போதே குறித்து வைக்காவிட்டால், பத்தாண்டுகள் எளிதாகக் கடந்துவிடும் என்பதற்கு இது சான்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் நிர்ணயித்த குடும்ப வருமான வரம்பை வைத்துக்கொண்டு, “உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பமே வருவதில்லை” என்று வருந்தும் கல்வி நிதிகளும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இதற்கு மாறான உதாரணமும் நம்மிடம் உண்டு. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனதால் 1982-இல் மூடப்பட்டது. தமிழ்வழிப் பள்ளியின் காலம் முடிந்தாலும், தமிழ் கற்பிக்கும் தேவை முடியவில்லை. மறு ஆண்டே அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் உருவாகி, பல பள்ளிகளின் மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்துவருகிறது. கட்டடத்தையும் பெயர்ப்பலகையையும் காப்பாற்ற மட்டும் நிதி திரட்டும் சங்கங்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

கடைசியாக, தேர்தலுக்குப் பிறகு நடக்கும் பொறுப்பு ஒப்படைப்பு. மாலை மாற்றிப் படம் எடுத்துக்கொள்வதோடு இது முடிந்துவிடுகிறது. அமைப்புகள் அரசாங்க இணையச் சேவைகளில் நுழையப் பயன்படுத்தும் கார்ப்பாஸ் கணக்கின் நிர்வாக உரிமை பழைய செயலாளரின் பெயரிலேயே இருக்கும். வங்கியில் கையெழுத்திடும் அதிகாரம் வெளிநாடு போய்விட்ட முன்னாள் தலைவரிடம் இருக்கும். ஃபேஸ்புக் பக்கத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. சங்கப் பதிவாளருக்குச் செலுத்த வேண்டிய ஆண்டு அறிக்கையின் கெடு நெருங்கும்போதுதான் தேடல் தொடங்குகிறது. உறுப்பினர் பட்டியல், ஒப்பந்தங்கள், கடந்த ஐந்தாண்டுக் கூட்டக் குறிப்புகள், வங்கி அதிகாரங்கள், கணினிக் கணக்குகள் ஆகியவற்றை ஒரே பட்டியலாக எழுதி, பழைய செயலவையும் புதிய செயலவையும் ஒரே மேசையில் அமர்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்திட ஒரு சனிக்கிழமை மாலை போதும். அந்தப் பட்டியலை முதல் கூட்டத்தின் குறிப்போடு இணைத்துவிட்டால், அடுத்த தேர்தலிலும் அதையே எடுத்துப் பயன்படுத்தலாம்.