வலப்பக்கம் வளையும் பந்து: ஸ்லைஸைத் திருத்தும் முறை

பெங்களூருவில் கோல்ஃப் பழகத் தொடங்கிய முதல் எட்டு மாதங்களில் நான் அடித்த பந்துகளில் பெரும்பாலானவை நேராகக் கிளம்பி, பாதித் தொலைவில் வலப்பக்கம் வளைந்து, வேலியோர மரங்களுக்குள் போய் விழுந்தன. இதைத்தான் ஸ்லைஸ் என்கிறார்கள். அதை நான் சரிசெய்த வழியை, வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நிற்கும் முறையை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே காட்டிவிடுவார் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் காரணம். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் மட்டையின் முகமே, அதாவது பந்தில் படும் தட்டையான பரப்பே, தீர்மானிக்கிறது. பந்து வளைவதோ, அந்த முகத்துக்கும் மட்டை வரும் பாதைக்கும் இடையிலுள்ள கோணத்தால் நேர்கிறது. பாதையைவிட முகம் வலப்புறம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கமே வளையும். மட்டையும் பந்தும் தொட்டிருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் மணிக்கட்டைத் திருப்பி எவராலும் எதையும் திருத்த முடியாது. மட்டையை ஓங்குவதற்கு முன்பே, பிடியில்தான் திருத்த வேண்டும்.

நான் மாதக்கணக்கில் இடறியது இங்கேதான். தோளையும் இடுப்பையும் மாற்றிக்கொண்டே இருந்தேன், கையைக் கவனிக்கவில்லை. அல்சூரைச் சேர்ந்த கேடி (ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளர்) ஒருவர் ஒரு நாள் காலை என் கையுறையைக் கழற்றச் சொல்லி, உள்ளங்கையின் அடிப்பகுதியில் தேய்ந்து கிழிந்திருந்த இடத்தைக் காட்டினார். "விரல்ல பிடிக்க வேண்டியத உள்ளங்கையில பிடிக்கிறீங்க சார், அதான் மட்டை கைக்குள்ள சுத்துது" என்றார்.

இடக்கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். சுட்டுவிரலின் நடுக்கணுவிலிருந்து சுண்டுவிரலின் அடிவரை மட்டையின் பிடியைக் குறுக்காக வைத்து, முதலில் விரல்களை மடக்கி, அதன் பிறகே உள்ளங்கையின் சதைப்பகுதியை அதன்மேல் படியவிடுங்கள். குனிந்து பார்க்கும்போது இடக்கையில் இரண்டு அல்லது மூன்று விரல்முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால், முகம் திறந்தே வருவதற்கு வாய்ப்பு அதிகம். வலக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் கோடு வலத்தோளை நோக்கியிருக்க வேண்டும். முதல் வாரம் இந்தப் பிடி கைக்கு ஒட்டாது. பந்தே இல்லாமல், வீட்டில் நாள்தோறும் இருபது முறை பிடித்து விட்டுப் பழகியதால்தான் எனக்குப் படிந்தது.

பிடி படிந்த பின் பாதைக்கு வரலாம். பந்துக்கு அப்பால் ஒரு சாண் தள்ளி மட்டையுறை ஒன்றை வைத்து, அதில் படாமல் 7-ஆம் எண் அயர்னால் (உலோகத் தலை கொண்ட நடுத்தரத் தூர மட்டை) பாதி வேகத்தில் அடியுங்கள். கீழிறங்கும் அசைவைத் தோள் தொடங்கினால் மட்டை வெளியிலிருந்து உள்ளே வந்து உறையைத் தட்டும். இடுப்பு தொடங்கினால் தட்டாது.

விலையுயர்ந்த கருவிகளைவிடக் கைபேசியே தொடக்கத்தில் மேல் என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்குப் பின்னே, இலக்கை நோக்கிய கோட்டில், கைகளின் உயரத்தில் அதை நிறுத்தி மெதுவியக்கத்தில் பதிவு செய்யுங்கள். இயன்றவரை புல்தரையிலேயே பழகுங்கள். ரப்பர் விரிப்பில், பந்துக்கு முன்பே தரையைத் தொட்ட மட்டை வழுக்கிச் சென்று, தவறான அடியையும் நல்ல அடிபோலக் காட்டிவிடும். தூரத்தையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், அதே அடி சென்னையைவிடச் சற்றுக் கூடுதலாகவே போகும்.

பிற்சேர்க்கை: இதைப் பின்பற்றியபின் பந்து இடப்பக்கம் வளைவதாக வாசகர்கள் இருவர் எழுதியிருந்தனர். அனுப்பிய படங்களில் இருவரின் இடக்கையிலும் நான்கு முட்டிகளும் தெரிந்தன. கையை ஒரு முட்டி அளவுக்கு இடப்பக்கம் திருப்பிவிட்டு, மற்ற எதையும் மாற்றாமல் ஒரு கூடைப் பந்துகளை அடித்துப் பாருங்கள்.