பையன்களுக்கு வழிகாட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

மற்றவர்களுக்குச் சேவை செய்வதே தலைவரின் முதல் வேலை என்பதுதான் சேவைத் தலைமை. இப்படிச் சொன்னதும் பலர் எல்லா வேலையையும் தாங்களே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். பையன்களுக்கு வழிகாட்டத் தன்னார்வலராக வருபவர்களிடம் இது ரொம்பவே சகஜம். முகாம் என்றால் கூடாரம் அடிப்பது அவர்தான், என்ன சமைப்பது என்று முடிவு செய்வது அவர்தான், இரண்டு பேர் சண்டை போட்டால் ஓடிப்போய் விலக்கிவிடுவதும் அவர்தான். பார்ப்பதற்கு அர்ப்பணிப்பாகத்தான் தெரியும், ஆனால் பையன்களுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை மிஞ்சாது.

சேவைத் தலைமை என்ற கருத்தை 1970இல் கட்டுரையாக எழுதிய அமெரிக்கர் ராபர்ட் கிரீன்லீஃப், தலைவர் எவ்வளவு உழைத்தார் என்று அளக்கச் சொல்லவில்லை. அவரால் பயன்பெற்றவர்கள் வளர்ந்தார்களா, முன்பைவிடச் சுயமாக நிற்கிறார்களா, அவர்களும் மற்றவர்களுக்கு உதவும் ஆட்களாக மாறினார்களா என்றுதான் பார்க்கச் சொன்னார். அதற்கு வெகு முன்பே, 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய சோதனை முகாமில் பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்தார். சாரணர் இயக்கத்தில் இன்றும் அணிமுறை அப்படித்தான் நடக்கிறது.

அதனால் முடிச்சைத் தப்பாகப் போடுகிறானா, போடட்டும். கூடாரம் ஒரு பக்கம் சரிந்தால் ஏன் சரிந்தது என்று அவனே தேடுவான், அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் பெரியவர்களுக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை. நெருப்பு, தண்ணீர், கத்தி, இன்னொருவனை மிரட்டுவது, இதெல்லாம் வந்தால் யோசிக்காமல் தலையிடுங்கள். மற்ற நேரங்களில் "அடுத்து என்ன பண்ணலாம்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும், பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

எதிரே உட்காரவைத்து விசாரிப்பதும் வேலைக்காகாது. "என்ன பிரச்சினை, சொல்லு" என்றால் "ஒண்ணுமில்ல"தான் வரும். நிறைய பையன்கள் சைக்கிளைக் கழுவும்போதோ சேர்ந்து நடக்கும்போதோதான் வாயைத் திறப்பார்கள். அப்போதும் உங்கள் இளமைக்கால வீரக்கதைகள் வேண்டாமே! கண்டிக்க வேண்டியிருந்தால் தனியாக அழைத்துச் சொல்லுங்கள், கூட்டாளிகள் முன்னால் அவமானப்பட்டவன் காதில் அதற்குப் பிறகு எதுவும் ஏறாது.

தனியாக என்றால் கதவைச் சாத்திக்கொண்டு அல்ல. மற்றவர்கள் கண்ணில் படும் தூரத்தில் பேசுங்கள், இன்னொரு பெரியவர் அருகில் இருக்கட்டும், வீட்டுக்குத் தெரியாத செல்போன் அரட்டை வேண்டாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்கிற பெரிய தப்பு. அவனை யாராவது துன்புறுத்துவதாகச் சொன்னால் நீங்கள் பொறுப்பானவர்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும், அதை முதலிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, ஆர்வக்கோளாறில் சேர்ந்துவிட்டுப் பாதியில் காணாமல் போவது. பிள்ளைகளுக்குத் தன்னார்வ வழிகாட்டிகளை இணைத்துவைக்கும் அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் திட்டத்தில் இருந்த பிள்ளைகளைப் பற்றி ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வழிகாட்டியோடு ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்தவர்களுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்திருந்தது. மூன்று மாதத்துக்குள் உறவு முறிந்த பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றிய மதிப்பே குறைந்திருந்தது. ஏற்கெனவே பெரியவர்கள் விட்டுப்போன வீட்டிலிருந்து வரும் பையன் "என்னிடம்தான் ஏதோ குறை" என்றுதானே எடுத்துக்கொள்வான்? அதனால் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைதான் முடியும் என்றால் அதையே சொல்லுங்கள், வாராவாரம் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வேலை மாற்றமோ வீடு மாற்றமோ வந்து நிறுத்த வேண்டியிருந்தால் பல வாரங்களுக்கு முன்பே நேரில் சொல்லி, அடுத்து வருபவரை அறிமுகம் செய்துவையுங்கள். அவன் கோபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அதற்காகக் கடைசிச் சந்திப்பைத் தவிர்க்காதீர்கள்.