கையால் சுற்றும் அபாயச் சங்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தாக்கியபோது, கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரமோ பேட்டரியோ கேட்காத கைச் சைரனுக்கு, அதாவது நம் ஊர்ப் பேச்சில் சங்குக்கு, வேலை வருவது அத்தகைய இரவில்தான். அதைக் கெடுக்கும் தவறுகளோ மற்ற நாட்களில் நடக்கின்றன.

முதல் தவறு எண்ணெயில் தொடங்குகிறது. கடலோர ஊர் ஒன்றில் குருசடியை, அதாவது சிலுவை நிறுவிய சிறு வழிபாட்டிடத்தை, ஒட்டிய அறையில் இருந்த சங்கைச் சுற்றிப் பார்த்தேன். கைப்பிடி அரைச் சுற்றோடு நின்றுவிட்டது. மூடியைக் கழற்றியபோது, பல்சக்கரங்களின் இடுக்கெல்லாம் பழைய தேங்காய் எண்ணெய் பிசினாக இறுகி, அதில் கடற்கரை மணல் அப்பியிருந்தது. கதவுக் கீல் முதல் தலைமுடி வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெயையே தேடும் நம் பழக்கம் இங்கே உதவாது. இயந்திரங்களுக்கான கிரீஸைச் சிறிதளவு இட்டால் போதும். உப்புக் காற்றில் துரு விரைவில் ஏறும் என்பதால், நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, ஈரம் உலர்ந்த பின்னரே உறையிட வேண்டும். மாதம் ஒருமுறை, ஒலி எழாத வேகத்தில் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பதும் நல்லது.

அடுத்தது சுற்றும் முறை. உள்ளே சுழலும் சக்கரம் காற்றை இழுத்து, வெளிக்கூட்டின் துளைகள் வழியே துண்டுதுண்டாகத் தள்ளுவதால்தான் ஒலி பிறக்கிறது. 10 துளைகளும் நொடிக்கு 50 சுற்றும் இருந்தால் 500 ஹெர்ட்ஸ் கிடைக்கும். அந்த வேகத்தைக் கொடுப்பது கையன்று, பல்சக்கரங்களின் அடுக்கு. எடுத்த எடுப்பிலேயே முழு வலுவோடு இழுத்தால் பற்கள் முறியும். மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்ட வேண்டும். சில வகைகளில் சக்கரம் ஓயும்வரை கைப்பிடியும் சேர்ந்தே சுழலும். அதைச் சட்டெனப் பிடித்து நிறுத்த முயல்பவரின் மணிக்கட்டு அடிபடும். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துச் சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாங்கியில் போல்ட் இட்டு இறுக்கியே பயன்படுத்த வேண்டும். சுற்றுபவர் காதடைப்பான் அணிவது கட்டாயம்.

இடத் தேர்வில் நேரும் பிழை இன்னும் நுட்பமானது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சுவருக்குப் பின்னாலோ தாழ்வான இடத்திலோ வைத்தால் மேலும் நலியும். ஆனி, ஆடியில் கடலிலிருந்து கச்சான் காற்று வீசும்போது, கரையில் எழும் ஒலி ஊருக்குள் நன்றாகச் செல்லுமே தவிர, காற்றை எதிர்த்து வள்ளங்களைச் சென்றடைவது அரிது. ஆகவே கடலில் இருப்பவர்களை எச்சரிக்க இதையே நம்பியிருப்பது பிழை.

பெரிய தவறு, விளையாட்டுக்கு எடுப்பதுதான். கால்பந்துப் போட்டியிலும் திருவிழாவிலும் சங்கு முழங்கினால் சிறுவர்களுக்குக் கொண்டாட்டம்தான், நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் ஏறி இறங்கும் ஒலி ஆபத்தையும், ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக நீளும் ஒலி ஆபத்து நீங்கியதையும் குறிப்பதே குடிமைப் பாதுகாப்பு வழக்கம். விளையாட்டில் அந்த ஏற்ற இறக்கத்தைப் பழக்கிவிட்டால், முன்னறிகுறியின்றித் திடீரெனப் பேரலைகள் ஏறிவரும் கள்ளக்கடல் பொங்கும் நாளில் ஊர் திரும்பிப் படுத்துக்கொள்ளும். பொழுதுபோக்குக்கு வேறொரு சிறிய சங்கை வைத்து, பகலில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, மருத்துவமனை, பள்ளிகளிலிருந்து விலகி ஒலிக்கலாம். பேரிடர் குறித்துப் பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி கிளப்புவது, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

2004 டிசம்பர் 26 அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது. அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. கொளச்சலிலும் மணக்குடியிலும் அந்த நேரம் எச்சரிக்கையின்றியே கழிந்தது. இன்று எச்சரிக்கை வந்தாலும், சங்கு இருக்கும் அறையின் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்து, அவரும் தூத்தூர்ப் பக்கத்து ஆண்கள் பலரைப்போல வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருந்தால் பயனில்லை. சாவிகள் கரையிலேயே இருப்பவர்களிடம் இருக்க வேண்டும். சுற்றும் பயிற்சியைப் பெண்களுக்கும் முதியோருக்கும் முதலில் கொடுக்க வேண்டும்.