தத்துக் கொடுக்க யார் யார் கையெழுத்து வேண்டும்?

முத்திரைத்தாளில் "குழந்தையை மனமுவந்து கொடுக்கிறேன்" என்று எழுதி இரண்டு சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் தத்து முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முடியாது. எந்தச் சட்டத்தின்கீழ் கொடுக்கிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். சம்மதம் தரவேண்டியவர் யார், யார் முன்னால் தரவேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தே மாறும்.

உறவினருக்கோ தெரிந்தவருக்கோ நேரடியாகக் கொடுப்பதென்றால் 1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம். கொடுப்பவர், எடுப்பவர், குழந்தை மூவருமே இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களில் ஒருவராக இருக்க வேண்டும். வழக்கம் வேறாக இல்லாவிட்டால், குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. 2010 திருத்தத்துக்குப் பிறகு தந்தை, தாய் இருவருக்கும் கொடுக்கும் உரிமை சமம். ஆனால் ஒருவர் கொடுக்க மற்றவர் சம்மதம் கட்டாயம். மற்றவர் முற்றிலும் துறவு பூண்டிருந்தால், இந்துவாக இல்லாமல் போயிருந்தால், மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டுமே விலக்கு. விவாகரத்து இந்தப் பட்டியலில் இல்லை. மறுமணம் செய்த தாய்மார்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்: குழந்தை தன்னிடம் வளர்வதாலேயே முன்னாள் கணவரின் சம்மதம் வேண்டாம் என்று ஆகிவிடாது. அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழை எடுத்து வையுங்கள்.

பெற்றோர் இருவரும் இல்லையென்றால் தாத்தா பாட்டி தாமாகக் கொடுக்க முடியாது. காப்பாளர் முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி பெற வேண்டும்.

எடுக்கும் தரப்பிலும் கணவனோ மனைவியோ தனியாக முடிவெடுக்க இயலாது. துணையின் சம்மதம் வேண்டும். அதோடு குழந்தையைக் கையில் கொடுத்து வாங்கும் செயல் உண்மையில் நடந்திருக்க வேண்டும். மனைவியின் சம்மதமும் இந்தக் கொடுக்கல் வாங்கலும் நிரூபிக்கப்படாவிட்டால் தத்து செல்லாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சடங்கின் புகைப்படங்களைப் பத்திரப்படுத்துங்கள். சார்பதிவாளரிடம் பதிவு சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்ட பதிவுப் பத்திரம் இருந்தால், தத்து முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். முறையாக நடந்த தத்தை யாரும் ரத்து செய்ய முடியாது.

வளர்க்க முடியாத நிலையில், யாரிடம் போகும் என்று தெரியாமலே குழந்தையை ஒப்படைப்பதென்றால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். இதற்கு மத வேறுபாடு கிடையாது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவை அணுகுங்கள். வழி தெரியாவிட்டால் 1098-ஐ அழைக்கலாம். விசாரணை, ஆலோசனை முடிந்தபின் குழுவின் முன்னிலையில் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து. மணமான தம்பதி என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும்; மணமாகாத தாய் என்றால் அவர் கையெழுத்தே போதும். பத்திர நகலைக் கேட்டு வாங்குங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மனம் மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்க இரண்டு மாத அவகாசம் உண்டு. கோரிக்கையை எழுத்தில் குழுவிடமே கொடுங்கள். அவகாசம் கடந்தபின் குழந்தை தத்துக்கு உரியது என்று குழு அறிவித்துவிடும்.

பணம் கை மாறினால் சம்மதக் கையெழுத்து காப்பாற்றாது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் 5 ஆண்டு வரை கடுங்காவலுக்குரிய குற்றம். மருத்துவமனை ஊழியர் செய்தால் 3 முதல் 7 ஆண்டு வரை. "ஆஸ்பத்திரியிலேயே முடித்துத் தருகிறேன்" என்று வருபவரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.