எந்த நாட்டினர் என்பதைப் பிரெஞ்சில் சொல்வது எப்படி?

சென்னைப் பள்ளிகளில் பிரெஞ்சை இரண்டாம் மொழியாகப் படிக்கும் மாணவர்களும், நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் புதிதாகச் சேர்வோரும், தம் பெயரைச் சொல்லக் கற்றதும் அடுத்துப் பழகுவது தாம் எந்த நாட்டினர் என்று சொல்லும் வாக்கியத்தைத்தான். ‘நான் இந்தியன்’ என்று தமிழில் வினையே இல்லாமல் முடித்துவிடலாம் என்பதால், பிரெஞ்சிலும் வினையை விட்டுவிடும் பழக்கம் நம்மவர்க்கு எளிதில் வந்துவிடுகிறது. அங்கே ‘இருக்கிறேன்’ என்று பொருள்படும் ‘சுயி’ என்ற வினை கட்டாயம் வேண்டும். ஆண் ‘ஜ சுயி ஆந்தியான்’ என்றும், பெண் ‘ஜ சுயி ஆந்தியென்’ என்றும் சொல்ல வேண்டும்.

ஆண்பால் வடிவத்தோடு ‘ஈ’ என்ற ரோமன் எழுத்தைச் சேர்த்தால் பெண்பால் கிடைக்கும் என்பது பொதுவாகக் கற்பிக்கப்படும் விதி. எழுதுவதற்கு அது பெரும்பாலும் உதவும். பேசுவதற்கோ பெண்பாலை முதலில் மனத்தில் இருத்துவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பெண்பாலில் இறுதி மெய் தெளிவாக ஒலிக்கிறது. அதை விட்டுவிட்டால் ஆண்பால் தானே வந்துவிடும். ‘ஃப்ரான்ஸேஸ்’ என்பது ‘ஃப்ரான்ஸே’ ஆகும். இலங்கைப் பெண்ணைக் குறிக்கும் ‘ஸ்ரீலங்கேஸ்’, ஆணுக்கு ‘ஸ்ரீலங்கே’ ஆகும். ‘ஆந்தியென்’, ‘அமெரிக்கென்’ போன்றவற்றில் னகரம் மறையும்போது அதற்கு முன்னுள்ள உயிர் மூக்கொலியாக மாறுகிறது. ஆகவே ‘ஆந்தியான்’ என்று நாம் எழுதிக்கொண்டாலும், சொல்லி முடிக்கையில் நாக்கு நுனி மேலே தொடக் கூடாது. பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, ரஷ்யா ஆகிய நாட்டினரைக் குறிக்கும் அடைமொழிகள் இருபாலுக்கும் ஒன்றே.

விண்ணப்பப் படிவத்தில் ‘நஸியொனலித்தே’ (குடியுரிமை) என்ற இடத்தில் ஆண்களும் பெண்பால் வடிவத்தையே எழுதுவது வழக்கம். அந்தப் பெயர்ச்சொல் பெண்பால் என்பதால், அடைமொழி அதையே பின்பற்றுகிறது; நிரப்புபவர் ஆணா பெண்ணா என்பதை அல்ல.

பிறரைப் பற்றிச் சொல்லும்போது ‘இல் ஏ ஆந்தியான்’ (அவன் இந்தியன்) என்றால் அது அடைமொழி; சிறிய எழுத்தில் தொடங்கும். ‘ஸேத் அன் ஆந்தியான்’ (அவன் ஓர் இந்தியன்) என்றால் அது பெயர்ச்சொல். பெரிய எழுத்தில் தொடங்கும். ‘இல் ஏ’ என்று தொடங்கிவிட்டு, ‘ஓர்’ என்று பொருள்படும் ‘அன்’ சேர்ப்பது தவறு.

தமிழைக் குறிக்கும் ‘தமூல்’ என்ற சொல் மொழியையும் இனத்தையும் குறிக்குமே தவிர, குடியுரிமையைக் குறிக்காது. புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த உடன்படிக்கை 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரிக் குடும்பத்துப் பெண் ஒருவர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தும், ‘ஜ சுயி ஃப்ரான்ஸேஸ்’ என்று சொல்வது முற்றிலும் சரியே.