கால் மாடு வாங்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஒஹாயோவுக்கு வந்து இறங்கியவுடன் மாட்டுக்கறிக்குப் பண்ணையைத் தேடாதீர்கள். முதல் ஆறு மாதம் சூப்பர்மார்க்கெட்டே போதும். பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று ஒட்டியிருப்பது முக்கியமாக, கறிக்குள் கொழுப்பு எவ்வளவு இழையோடுகிறது என்பதை வைத்துப் போடும் தரம். நம் குழம்புக்கு சாய்ஸ் தாராளம். தோள்பகுதிக் கறியான 'சக் ரோஸ்ட்' வாங்கி வீட்டில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். 'ஸ்டூ மீட்' என்று வெட்டி வைத்திருப்பதில் பல இடத்துக் கறி கலந்திருக்கும். ஒன்று வெந்தால் இன்னொன்று வேகாது. ஊர் ஞாபகத்தில் எட்டு விசிலும் விடாதீர்கள். இங்கே பெரும்பாலும் இளம் மாடு, நார் நாராகப் பிரிந்துவிடும்.

சரி, பண்ணைக்கு வருவோம். நானும் ஒரு நண்பரும் 'பவுண்டு நாலரை டாலர்' என்றதும் மயங்கிப் போய்க் கால் மாட்டுக்கு, அதாவது ஒரு மாட்டில் நாலில் ஒரு பங்குக்கு, முன்பணம் கட்டினோம். 180 பவுண்டு என்றார்கள். 810 டாலர். வெட்டிப் பொட்டலம் கட்ட பவுண்டுக்கு ஒரு டாலர் தனி. ஆக 990. வீட்டுக்கு வந்த கறியை எடை போட்டால் 115 பவுண்டு! பவுண்டு எட்டரை டாலருக்கு மேல் போய்விட்டது.

யாரும் ஏமாற்றவில்லை. அந்த 180 'ஹேங்கிங் வெயிட்'. தோல், தலை, குடல் நீக்கிக் கொக்கியில் தொங்கவிட்ட உடலின் எடை. விலையும் கூலியும் அதற்குத்தான். அப்புறம் பத்துப் பதினான்கு நாள் குளிரறையில் தொங்கும்போது நீர் வற்றும்; வெட்டும்போது எலும்பும் கொழுப்பும் கழியும். கைக்கு வருவது அதில் 60, 65 சதவீதம்தான். சென்னைப் புளியந்தோப்பில் கண்ணெதிரே வெட்டித் தராசில் வைத்ததற்கு மட்டும் காசு கொடுத்து வளர்ந்தவனுக்கு இது எப்படித் தோன்றும்? 'வீட்டுக்கு எத்தனை பவுண்டு வரும்?' என்ற ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

கேட்காமல் விட்டது இன்னொன்றும் உண்டு. வெட்டுவதற்கு முன் ஒரு படிவம் அனுப்புவார்கள். எலும்பு, ஈரல், நாக்கு, வால் எல்லாம் அதில் டிக் அடித்தால்தான் வரும். ஆபீஸ் அவசரத்தில் அப்படியே திருப்பி அனுப்பினேன். பெட்டியைத் திறந்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொத்துக்கறி, மீதி ஸ்டேக்கும் ரோஸ்டும். வீடியோவில் பார்த்த அம்மா முதலில் கேட்டது, "எலும்பு எங்கடா?"

பொட்டலம் கருஞ்சிவப்பாக இருந்தால் பயப்படாதீர்கள். காற்றில்லாமல் அடைத்த கறி அப்படித்தான் இருக்கும், பிரித்துக் கால் மணி நேரம் வைத்தால் சிவந்துவிடும். 'நாட் ஃபார் சேல்' முத்திரை இருந்தால் அது உங்கள் சொந்த மாடாகக் கணக்கு வைத்து வெட்டியது. ஆபீஸ் நண்பர்களுக்கு விற்கக் கூடாது. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இவ்வளவும் அடங்காது, ஐந்து கன அடி ஃப்ரீசராவது தனியாக வேண்டும். எனக்கு அது 200 டாலர் கூடுதல் செலவு.

இத்தனைக்கும் அடுத்த வருடமும் வாங்கினேன். அந்தக் கொழுப்பின் மஞ்சளும் கொதிக்கும்போது எழும் வாசமும் கடைக்கறியில் இல்லை. இந்த முறை படிவத்தில் எல்லாவற்றையும் டிக் அடித்தேன். "வாலுமா?" என்று போன் போட்டே கேட்டார்கள். குடல்கறிக்கு, அதாவது நம்ம போட்டிக்கு, மட்டும் இன்னும் மெக்சிகோக்காரர் கடைதான்.